உன் எட்டுக்கு நான் கொண்டுவந்த மூன்று போத்தல்கள்

என் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கையோடு கொண்டுபோய்விட்ட அன்பு மச்சான் நேசா,

கார் ஒன்று மோதி உன்னை எங்களிடமிருந்து பறித்தது; உன் எட்டாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. கோலியர்ஸ் வுட்டில் மழை. வீட்டில் என் மனைவி, உன் அக்கா, என்னோடு கதைப்பதில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீயாவது பாதியில் எழுந்து போகமாட்டாய்.

லண்டன் மாநகரத்திலே, ஏன், பிரான்ஸ் தேசத்து ராசாக்களையும் வரிசையில் நிறுத்தினாலும், மலிவு வைனுக்கும் யாழ்ப்பாணத்துக் கறிக்கும் சோடி சேர்ப்பதில் என்னை வெல்ல ஆளில்லை என்பது நீ அறிந்ததுதான். நண்டுக்கறிக்கு ஜெர்மன்காரரின் இனிப்பு வெள்ளை. உறைப்பைக் கையைப் பிடித்து இருத்திவிடும். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழுக்குப் போர்த்துக்கல் ரோஸ். ஆட்டிறைச்சிக்குப் பல்கேரியச் சிவப்பு என்று ஒற்றைக்காலில் நின்றேன். அது நம் மிளகாய்த்தூளைச் சந்தித்த அன்று உன் நெற்றியில் ஓடிய வியர்வையில் தேம்ஸ் கரைபுரண்டிருக்கும்.

"எப்படி மச்சான்?" என்று கேட்டேன்.

"பொருத்தமெண்டால் இதெல்லோ பொருத்தம், அத்தான்," என்று கண்ணைத் துடைத்தாய்.

நீ எண்பதுகளின் நடுவில் வந்திறங்கினாய். அந்த வருசம்தான் நான் வேலைபார்த்த கந்தோர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. நான் அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் உன்னை வெம்பிளியிலிருந்து வரவழைத்து, மூலைக்கடையின் அடித்தட்டுப் போத்தல்களைத் திறந்துவைத்தேன். ஊரைவிட்டு வந்த ஒரு பொடியனின் தனிமையைத் தீர்த்த வள்ளல் நானே என்று கோயில் வாசலிலும் கலியாண வீடுகளிலும் முழங்கித் திரிந்தேன். கேட்டவர்கள் எனக்குச் சிலை வைக்காததுதான் குறை. உனக்குக் கலியாணமாகிப் பிள்ளைகள் வந்தும் நீ வருவதை நிறுத்தவில்லை. என் வைனின் வசியம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டன்று மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்து, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் படைப்பதுதானே நம் வழக்கம். உன் மனைவி பவானி அழுதழுது நண்டும் இறைச்சியும் சமைத்து இலையில் வைத்திருந்தாள். நான் கோட் மாட்டிக்கொண்டு மூன்று போத்தல்களோடு உன் வீட்டுக்குள் நுழைந்தேன். எந்தப் போத்தல் எந்தக் கறிக்குப் பக்கத்தில் என்று சனத்துக்கு ஒரு பிரசங்கமே வைத்தேன்.

"எங்கட நேசன் மேல போயும் சாராயம் கேக்கமாட்டான். அவனை நான் அப்படிப் பழக்கியிருக்கிறன்," என்றேன்.

உன் பெரியப்பாவின் வாய் சும்மா இருக்குமா? "அவன் ஆறுதலாச் சாப்பிடட்டும் தம்பி. நீர் கொஞ்சம் வாயை மூடும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பவானி சிரிக்கவில்லை. நான் சிவப்பை ஊற்றப்போனபோது கிளாஸைக் கையால் மூடினாள்.

"வேண்டாம் அண்ணை. இண்டைக்காவது அவரை விடுங்கோ."

"ஏன் தங்கச்சி? அவனுக்குப் பிடிச்சதெல்லோ."

"அவருக்கு அது வாயில வைக்க ஏலாது. உங்கட வீட்டால வந்தாரெண்டால் இரா முழுக்க நெஞ்செரிவு. திங்கட்கிழமை மருந்து குடிச்சிட்டுத்தான் வேலைக்குப் போவார்."

"அப்ப ஏன் வந்தவன்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு வேலை போனபிறகு உங்கட கதையைக் கேக்க ஒருத்தரும் வாறேல்லையாம். நான் போகாட்டி அத்தான் போத்திலோட தனிய இருப்பார் எண்டு சொல்லுவார். இருந்தது ஒரு லீவு நாள். அதுக்காக நான் எவ்வளவு சண்டை பிடிச்சிருப்பன்."

வெம்பிளி விளையாட்டரங்கு நிறைந்த சனமும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் ஒரு வீட்டறை கொள்ளும் சனம்தான். அதில் பாதி நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. போத்தல்களை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு என்னதான் பிடிக்கும் என்று கேட்க வேண்டியிருந்தது. பால்தேத்தண்ணியாம், சோற்றோடும் அதுதானாம். நானே போடுகிறேன் என்று குசினிக்குள் போனேன். சீனிப் பேணியைத் திறந்த பிறகு கை நின்றுவிட்டது. வெளியே எட்டிப் பார்த்து, "நேசனுக்குச் சீனி எவ்வளவு?" என்று சபையைக் கேட்டேன். லண்டனுக்கே ருசி சொல்லிக்கொடுத்தவன் கேட்கிறேன். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா ஒன்றுதான் சொன்னாள். "அவன் ஒவ்வொரு மிடறுக்கும் தண்ணி கேட்டவன். நீங்கள் உங்கட குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்." அதற்குப் பிறகு பேச்சில்லை.

நீ ஏன் ஒருநாளாவது சொல்லவில்லை, மச்சான்? சொல்லியிருந்தால், நான் கேட்டிருப்பேனா?

வருகிற ஞாயிறு நான் ரயிலேறி உன் வீட்டுக்குப் போகிறேன். பவானி வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையில் போத்தல் இருக்காது, வாயில் பிரசங்கமும் இருக்காது. அவள் உன்னைப் பற்றிச் சொன்னால் கேட்பேன், என்னைத் திட்டினாலும் கேட்பேன். ஒன்றும் பேசாவிட்டால் நானும் பேசாமல் இருப்பேன். அடுத்த ஞாயிறும் போவேன். இது சத்தியம், நேசா; இதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

துணையிருந்ததாகச் சொல்லித் திரிந்த,
நீ துணையிருந்த,
உன் அத்தான்