ஏழாம் மாதம் முடியட்டும் என்றார் அப்பா

ஆகஸ்ட் 2
மன்னிக்க வேண்டும். அலுவலகக் குறிப்புகளுக்கென்று வாங்கிய நோட்டு இது. வீட்டுக் கதையை இதில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. யாரிடமாவது சொல்வது அதைவிடக் கூச்சம்.

அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கியிருக்கிறதாம். பின்னாளில் அவருக்காக யார் முடிவெடுப்பது என்று, தெளிவு இருக்கும்போதே அவர் பத்திரம் எழுதிவிட வேண்டும். தெளிவு போன பிறகு எழுத முடியாது, நீதிமன்றத்துக்குத்தான் அலைய வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். படிவம் என்றால் என் கைக்குத்தான் வரும்.

ஆகஸ்ட் 3
"நாளைக்கு ஏழாம் மாசம் பொறக்குது. பேய்ங்க ஊர் சுத்துற நேரத்துல எவனாச்சும் கையெழுத்துப் போடுவானா? படிச்சா இதெல்லாம் மறந்துடுமா?"

அப்பா சொல்வது சீனப் பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதம்; முப்பது நாள். நான் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 11
எல்லைக்கு அந்தப் பக்கம், ஜொகூரிலிருந்து அண்ணன் ஹாக் செங் பேசினான். "உன் பேரையே போட்டுக்க. கூட இருக்கறது நீதானே." சரி என்றேன்.

ஆகஸ்ட் 18
எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே அம்மாவுக்குக் காகிதச் செருப்பு எரித்தோம்; இந்த மாதத்தில் எரிப்பது இறந்தவர்களிடம் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. "அவளுக்குக் கால் வலி, மெத்து மெத்துன்னு இருக்கட்டும்" என்று அப்பாவே தேடி வாங்கியது. மேலே வந்ததும் சாப்பாட்டு மேசையில் மூன்று கிண்ணம் வைத்தார். "உங்கம்மா எங்க, இன்னும் காணோம்?"

அம்மா போய் ஆறு வருடம்.

ஆகஸ்ட் 27
அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். இன்னும் ஒரு வாரம்.

செப்டம்பர் 4
வழக்கறிஞர் ஃபரீதா அப்பாவிடம் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அவர் வாயால வரணும்."

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. "இன்னிக்கு வேண்டாம். எதுக்கு வந்திருக்கோம்னே அவருக்குத் தெரியல. 'கோப்பிக்குப் பால் ஊத்தவா, வேணாமா'ன்னு என்னைக் கேக்கறார். காலையில தெளிவா இருப்பார்னா காலையில கூட்டிட்டு வாங்க."

நாற்பது வருடம் கோப்பிக்கடையில் நின்ற மனிதர்.

பஸ்ஸில் அழுதேன். ஏன் அன்னைக்கே வற்புறுத்தல? ஏன் எல்லாத்துக்கும் சரி, சரின்னு—

செப்டம்பர் 13
இன்று பத்திரம் முடிந்தது. அதற்காக அண்ணன் விடியற்காலையிலேயே ஜொகூர் பாலம் தாண்டி வந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுத இன்றுதான் துணிவு வந்திருக்கிறது.

அன்று காலை எட்டரைக்குப் போனோம். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். பேனாவும் கையுமாக ஃபரீதா வந்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்கார். உங்க பேரைத்தான் சொல்றார். ஆனா கையெழுத்துப் போடமாட்டேங்கறார். 'என்னை இவ்ளோ கேள்வி கேட்டியே, எம்பொண்ணுக்கு இது சம்மதமான்னு யாராச்சும் கேட்டீங்களா'ன்னு என்னையே மடக்கிட்டார்."

யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

உள்ளே போனேன். அப்பா பக்கத்து நாற்காலியைத் தட்டினார். "உக்காரு, லெங். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன். நாளைக்கு மறந்தும் போயிடுவேன், உனக்கு என்ன கவலை?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

"முடியும்ப்பா. ஆனா தனியா முடியாது. அண்ணன் பேரையும் சேர்த்துப் போடுங்கப்பா."