வெந்தயம் போட்ட பியர்

இன்று மீன் குழம்புக்குத் தாச்சியில் வெந்தயம் வறுத்தேன். அது சிவந்து வர, குசினி முழுக்க உங்கள் பியர் வாசம். அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த கால்கள். குழம்பு வைக்கிற எண்ணமே போய்விட்டது.

மற்றப் பெண்டுகளின் புருசன்மார் லீவு நாளில் படுத்து உறங்குவார்கள். நீங்கள் என் சோற்றுப் பானையில் பியருக்குப் பார்லி மோல்ட் காய்ச்சினீர்கள். "இந்தக் குட்மேய்ஸ் றோட்டு முழுக்கக் கடைதானே, வாங்கிக் குடியுங்கோவன்" என்றால், "அது அவங்கட பியர். இது என்ரை பியர்" என்பீர்கள். பானை கழுவுவது மட்டும் நான்.

ரொறன்ரோவிலிருந்து உங்கள் அக்கா மேப்பிள் பாகு பெரிய போத்தலாகக் கொண்டுவந்தார். பாணில் பூச ஒரு துளி மிச்சம் வைத்தீர்களா? அவ்வளவையும் நொதிக்க வைத்த பிரவுன் ஏல் பியர் வாளிக்குள் ஊற்றினீர்கள். கிழமைக்கணக்கில் காத்திருந்து குடித்துப் பார்த்தால், மேப்பிள் வாசம் மருந்துக்கும் இல்லை. பாகை ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டதாம். "பாவம், அதுக்கும் பசிதானே" என்றேன். அன்று முழுக்க என்னோடு நீங்கள் கதைக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு நான் வெந்தயம் வறுக்க, பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தீர்கள். "இஞ்சாரும், மணந்து பாரும்! மேப்பிளெல்லே இது!" "உங்களுக்கு விசர்" என்றேன். மணந்து பார்த்தேன். அட, உண்மைதான்! அடுத்த கிழமையே புது வாளி வைத்தீர்கள். அது நொதித்து அடங்குவதற்குள் உங்களை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள்.

"வெந்தயத்தை வறுத்து, இடிச்சுப் போடும். கூடினாக் கசக்கும்" என்று கட்டிலில் கிடந்தபடி சொன்னீர்கள். எனக்கு இருக்கிற வேலை காணாதென்று புறுபுறுத்துக்கொண்டே போட்டேன், போத்தல்களில் அடைத்தேன். பார்க்கப் போகிற நேரமெல்லாம் ஒரே கேள்வி: "வாசம் வந்ததோ?"

"பொறுங்கோவன், போத்தலுக்குள்ள கொஞ்ச நாள் கிடக்கட்டும்."

நீங்கள் பொறுக்கவில்லை. போய்விட்டீர்கள்.

செத்தவீடு முடிந்து, எட்டுச் செலவுப் படையலன்று உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். நண்டு, கணவாய், ஆட்டிறைச்சி. அக்கா விலை கூடிய விஸ்கி ஒன்று வாங்கி வைத்தார். நான் உங்கள் போத்தலைத் திறந்து, கிளாஸில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன்.

"வாளியில காய்ச்சினதையே படைக்கிறது? ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்றார் அக்கா.

"அவர் கேட்டது இதைத்தான் மச்சாள். இதை எடுத்தா நானும் எழும்பிப் போயிடுவன்."

அக்கா விஸ்கியைக் கிளாஸுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். எனக்கு அதற்குமேல் சண்டை பிடிக்கத் தெம்பு இருக்கவில்லை.

எல்லோரும் சாப்பிட்டுப் போனார்கள். விஸ்கி முடிந்திருந்தது, உங்கள் கிளாஸை ஒருவரும் தொடவில்லை. சீவியத்தில் பியரில் வாய் வைக்காத நான் அதை எடுத்துக் குடித்தேன். முதலில் கசந்தது. விழுங்கிய பிறகு அந்த மேப்பிள் வாசம் மெல்ல மூக்குக்கு ஏறியது. "இஞ்சாருங்கோ" என்று உங்களைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

அன்று அழுததுபோல் உங்கள் செத்தவீட்டிலும் நான் அழவில்லை.

களைத்துப்போனேனப்பா. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், படுக்கிறேன். பஸ்ஸில் கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீங்கள் அதே கேள்வியைக் கேட்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, ஒவ்வொரு தரமும் வாய்விட்டே சொல்கிறேன்:

"ஓமப்பா, வந்தது. நல்லா வந்தது."