கழுத்துத் துவண்ட வாத்துகள்

அக்டோபர் 9, வியாழன்

மனைவி லுயான்டோவை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு நாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்கிறாள். காலையில் அவளுடைய வாத்துகளுக்குத் தவிடு போடப் போனேன். ஒன்று கொல்லைக் குளத்தில் தலை கவிழ்ந்து செத்துக் கிடந்தது. இன்னும் இரண்டுக்குக் கழுத்து நிற்கவில்லை. தண்ணீர் பச்சையாக நாறியது.

போகும்போது ஒன்றுதான் சொன்னாள்: “சூல்வே அப்பா, குளத்தை மட்டும் இறைச்சுக் கழுவிடுங்க.” ஒருதரம்கூடச் செய்யவில்லை.

மதியம் பார்க்கப் போனபோது கேட்டாள், “என் பிள்ளைங்க எப்படி?”

“கொழுத்துப்போய்க் கிடக்கு.”

ஏன் அப்படிச் சொன்னேன்?

அக்டோபர் 10

கால்நடை உதவியாளர் ம்வீம்பா வந்தார். “குளத்துல ஏதோ செத்துக் கிடக்கு. அதுல நெளியுற புழுவைத் தின்னாத்தான் இப்படிக் கழுத்து விழும். தண்ணியில விடாதீங்க, மூழ்கிரும்.”

“பிழைக்குமா?”

“பார்க்கலாம்.” — இதென்ன பதில்!

வாளி வாளியாக இறைத்தேன். கணுக்கால் சேறு. வாத்துகள் ஏறும் பலகைக்கு அடியில் ஊதிப்போன பெருச்சாளி, புழு நெளிய. ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரி பீன்சு மூக்கைப் பொத்திக்கொண்டு, “எங்க சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் நாறுது! லுயான்டோ இருந்தா இப்படி விடுவாளா?” என்றாள்.

விடமாட்டாள்.

அக்டோபர் 11

ப்ளீச் ஊற்றிச் சிமெண்டைத் தேய்த்தேன். அலச வேண்டும், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குடத்தில் இருந்ததை மாமர நிழலில் இருக்கும் இரண்டுக்கும் கொடுத்தேன். அலகைப் பிடித்து நனைத்தால் சின்னது விழுங்குகிறது. பெரியது — இல்லை.

அக்டோபர் 12

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவாள்.

அக்டோபர் 13

பெரியது போய்விட்டது. தண்ணீர் வந்தது, அலசி நிரப்பினேன். சாயங்காலம் சின்னது தானாகத் தலையைத் தூக்கியது. கொஞ்ச நேரம்தான்.

அக்டோபர் 15

லுயான்டோவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். நேரே கொல்லைக்குப் போய் எண்ணினாள்.

“ஒன்பது. பதினொண்ணு விட்டுட்டுப் போனேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“நானும் பொய்தான் சொன்னேன். வயித்துக் கட்டியை முழுசா எடுக்க முடியலையாம். லுசாகா பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க.”

“ஏன்மா சொல்லல?”

“சொன்னா நீங்க சோறு தின்ன மாட்டீங்க.”

அக்டோபர் 20, லுசாகா

வாத்துகளையும் குளத்தையும் பீன்சு பார்த்துக்கொள்கிறாள். இதுவரை அவள் டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் நான் வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். இன்று டாக்டர் அறைக்குள் நானும் போனேன். அவர் சொல்லச் சொல்ல இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். லுயான்டோ எட்டிப் பார்த்தாள்.

“அவர் ரெண்டாவதா சொன்னது எனக்குப் புரியல. திரும்பக் கேளுங்க.”

கேட்டேன்.