இடி கேட்டதும் வெளியே ஓடி வந்த ராத்தாவுக்கு

என் செல்ல ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். நீ அடங்கியிருக்கும் மையவாடிக்குப் பெண்கள் நாங்கள் வருவதில்லை, அதனால் ஸலாத்தைக் கடதாசியில் சொல்கிறேன். நற்பிட்டிமுனையில் நெல் வெட்டு முடிந்துவிட்டது. மச்சான், உன் புருஷன், வழமைபோல வீட்டுக்கு முன்னால் உள்ள வெளியில் படங்கு விரித்து நெல்லைக் காயப் போட்டிருந்தார். அந்தப் படங்கு கிடக்கும் பக்கம் நான் திரும்புவதேயில்லை.

நீ போன இந்த ஒரு வருடமாக, வானம் கறுத்தால் நான் பைத்தியக்காரிதான். பிளக்கெல்லாம் கழற்றி, கண்ணாடியைத் துணியால் மூடி, கட்டிலில் ஏறி ஓதிக்கொண்டிருப்பேன். "எரும மாதிரி வளந்திருக்காய், என்னகா உனக்குப் பயம்?" என்று நீ இருந்தால் கேட்டிருப்பாய்.

பயத்துக்கு மருந்து தேடி உன் மகள் ரிஹானாவின் பழைய விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்தேன். வாசித்த பிறகு பயம் கூடினதே தவிரக் குறையவில்லை. அந்தக் கறுத்த மேகத்தின் உச்சியில் ஐஸ் இருக்கிறதாம் ராத்தா, நம்முடைய இந்த வெயிலுக்கு மேலே! பொடி ஐஸ் மேலே ஏற, கனத்த ஐஸ் கீழே விழ, இரண்டும் மோதி மோதி மின்னேற்றம் பிரிகிறது. நேரேற்றம் உச்சிக்குப் போகும், அதற்கு எதிரான மறையேற்றம் மேகத்தின் அடியில் சேரும். அது சேரச் சேர, கீழே நிலத்தில் நேரேற்றம் திரளும்.

பிறகு மேகத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்பாதை விட்டு விட்டு இறங்கி வரும். அது கிட்ட வரும்போது, நிலத்தில் உயரமாக நிற்பதிலிருந்தும் ஒன்று மேலே எழும்பிப் போகும். இரண்டும் தொட்டால்தான் அந்த வெளிச்சம். நம் வெளியில் மரம் இல்லை, மதில் இல்லை. அன்று நான் படங்கின் ஓரத்தைப் பிடித்துக் குனிந்திருந்தேன். நீ நிமிர்ந்து ஓடி வந்தாய், அது உன்னைத் தொட்டது.

இடி காதில் கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் நிற்கிறோமாம், மழை விழும்வரை பார்த்திருக்கக் கூடாதாம். உலகத்தில் எல்லாரும் இடி கேட்டால் உள்ளே ஓடுவார்கள். நாம் மட்டும் நெல்லுக்காக வெளியே ஓடுகிறோம். இதை ஏன் ராத்தா நமக்கு யாரும் சொல்லவில்லை?

நீயாக ஓடி வரவில்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். "ஓடி வா ராத்தா, நெல்லு நனையப் போகுது!" என்று கத்தியது நான். உன் மையித்தைக் கிடத்தியிருந்த வீட்டில் மச்சான் கேட்டபோது, "அவவாத்தான் ஓடி வந்தா" என்றேன். யா அல்லாஹ், எப்படி என் வாய்க்கு வந்தது?

இன்று அஸர் தொழுகைக்கு மச்சான் பள்ளிக்குப் போயிருந்தார். இறக்காமம் பக்கம் வானம் கறுத்து வந்தது. ஒரு இடிதான் கேட்டது. ரிஹானா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். நான் கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றேன்.

"விடுங்க சாச்சி! வாப்பா பட்ட பாடெல்லாம் நாசமாப் போகுது. உங்கட பயத்துக்கு நெல்ல நனைய விடுறதா?"

"நனையட்டும் புள்ள. நனஞ்ச நெல்லத் திரும்பக் காயப் போடலாம்."

என் கையைப் பிடித்து இழுத்தாள். பத்தொன்பது வயதுப் பிள்ளையின் பலம் எனக்கு ஏது? என்னை அறியாமல் கத்திவிட்டேன்: "அண்டைக்கு உன்ட உம்மாவக் கூப்பிட்டது நான்தான்டி!"

அவள் கை விட்டது. வெளியே ஒரு வெள்ளை வெளிச்சம், கூடவே இடி, ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. பிறகு மழை கொட்டியது. நெல் எங்கள் கண்முன்னே மிதந்தது.

"தெரியும் சாச்சி," என்றாள். "நீங்க கூப்பிட்ட சத்தம் எனக்கும் கேட்டது. நான்தான் முதல்ல வெளிக்கிட்டன். உம்மா என்னப் பிடிச்சி உள்ள தள்ளிட்டு, நீ நில்லு, நான் போறன் எண்டா."

இத்தனை நாளும் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றவா ராத்தா, அல்லது உன் சாவுக்குத் தானும் காரணம் என்று அவளுக்கும் என்னைப் போல் பயமா? கதவடியில் இருந்து இரண்டு பேரும் அழுது தீர்த்தோம்.

நெல்லைப் பார்த்து மச்சான் ரிஹானாவை ஏசுவதற்கு முன், நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இது உனக்குத் தரும் வாக்கு. அவருடைய முகத்தை நினைத்தால் எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகிறது. வாசலில் அவர் குடையை மடக்கும் சத்தம் கேட்கிறது ராத்தா. எழும்பிப் போகிறேன்.

உன் தங்கச்சி,
நஸீறா