மூன்று மணிக்கு மூடும் கதவு

ஜூன் 16, திங்கள்

ஆபீஸில் ஏசி ஓடவில்லை. ஈஸ்வர் பன்னிரண்டு மணிக்கு வந்தான். "சார், கப்பல் லிஸ்ட் வந்திருச்சுங்க. கோழிப்பண்ணைக்காரங்க முப்பத்தாறு பேரு. தமிழ்ல ஒரு தாள் போட்ருங்க. உங்களாட்டம் யாருக்குங்க எழுத வருது?"

பதினான்கு வருடம் முன்பு என் வணிகவியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவன். இன்று நாமக்கல்லில் அவனுக்கு டிராவல்ஸ், நான் அவனிடம் சம்பளத்துக்கு. எம்.காம்., எம்.ஃபில். கல்லூரி என்னை வெளியே அனுப்பிய விதத்தைப் பற்றி இந்த நோட்டில் நிறைய எழுதியாயிற்று. இன்று வேண்டாம்.

தாளை எழுதினேன். ஜூலை 10, வியாழன், சென்னைத் துறைமுகம். மூன்று இரவு உல்லாசக் கப்பல் பயணம். ஆதார் அட்டை அசல் வேண்டும், நகல் செல்லாது. பெட்டியில் அறை எண் சீட்டு கட்ட வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ளே வர ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள், அந்த நேரத்தில் வர வேண்டும். கப்பல் புறப்பாடு மாலை ஐந்து. கதவு மூடுவது மூன்று மணிக்கு. அதன்பின் பயணிகள் பட்டியல் அதிகாரிகளிடம் போய்விடும், ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது.

ஈஸ்வர் படித்துப் பார்த்து, மூன்று மணி வரியை அடித்தான். "இத எழுத்துல போடாதீங்க சார். மூணுன்னு போட்டா நம்மாளுங்க மூணுக்குத்தான் வருவாங்க. ரெண்டு நாளைக்கு முன்னாடி நீங்களே எல்லாருக்கும் போன் போட்டு வாயில சொல்லிருங்க."

அந்த வரிக்குப் பதிலாக 'கந்தவேல் போன் செய்வார்' என்று என் பெயரைப் போட்டேன். மடையன்தான். ஆனால் நம் ஜனங்களைத் தெரிந்த மடையன்.

ஜூன் 19, வியாழன்

பட்டியலில் இன்று இரண்டு பெயர் கூடியது. பெங்களூரிலிருந்து மகன் பதிவு செய்திருக்கிறான்.

சென்னிமலை, 64. தமிழ்ச்செல்வி, 61. மல்லசமுத்திரம்.

என் மச்சான். என் அக்கா.

அவர்கள் மகன் கோகுல்ராஜ் போனில் ஈஸ்வரிடம் பேசினானாம். அம்மாவுக்குப் போன வருடம் சிகிச்சை நடந்ததாம், முடி இப்போதுதான் வளர்கிறதாம். சென்னை ஆஸ்பத்திரி ஜன்னலில் தூரத்தில் கப்பல் தெரியுமாம். அதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் அதில் ஏற வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். "பாவங்க சார், அந்தம்மாவ நல்லபடியா ஏத்தி உட்டுரோணும்" என்றான் ஈஸ்வர். உறவு என்னவென்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

சிகிச்சை நடந்தது எனக்குத் தெரியும். போகவில்லை. 

ஜூன் 20, வெள்ளி

தூக்கம் இல்லை. எழுதித் தொலைக்கிறேன்.

2001. சங்ககிரியில் என் கல்யாணம். ஞாயிறு மாலை ஆறே காலுக்கு இணைச்சீர். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் வந்து நின்று செய்ய வேண்டிய சீர். எனக்கு இருப்பது ஒரே அக்கா. மல்லசமுத்திரத்திலிருந்து வர வேண்டியவள் வரவில்லை. நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம், வாசப்படி தாண்டக்கூடாது என்று மச்சான் காரை நிறுத்திவிட்டார். மணவறையில் நான் நிற்கிறேன், நாதஸ்வரக்காரர் என்னைப் பார்க்கிறார், ஊரே வாசலைப் பார்க்கிறது. கடைசியில் பெரியப்பா மகள் கோகிலவாணி அக்காவை இழுத்து வந்து நிறுத்தினார்கள். என் அக்கா வந்தபோது ஏழே கால். எல்லாம் முடிந்து பந்தியில் இலை போட்டிருந்தார்கள்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்றும் எழுத வேண்டும், நேர்மை என்றால். நிச்சயதார்த்தத்தன்று அவர் பஞ்சாங்கம் புரட்டியபோது, இருபது பேர் முன்னால், "எட்டாங்கிளாஸ் படிச்சவங்களுக்கு இதுதான் படிப்பு" என்று சொன்னேன். சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பதிலுக்கு என் மணவறையையா?

இருபத்து நாலு வருடம். அவர் வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

இன்று ஆன்லைன் செக்-இன் திறந்தது. கோழிப்பண்ணைக்காரர்கள் முப்பத்தாறு பேருக்கும் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை வாங்கிக் கொடுத்துவிட்டேன். மச்சான், அக்கா இருவருடையதையும் நாளைக்கு வைத்தேன். நெட் மெதுவாக இருந்தது என்று எழுதலாம். இல்லை, நன்றாகவே இருந்தது.

ஜூன் 26, வியாழன்

இரண்டு நேரம்தான் மிச்சம். பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை. ஒன்றரையிலிருந்து இரண்டரை.

வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இரண்டாவதை அழுத்தினேன்.

தவறு என்ன? கப்பல் கம்பெனி கொடுக்கும் நேரம்தானே. அந்த நேரத்தில் நூறு பேர் உள்ளே போவார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

காலை முழுவதும் போன். பன்னிரண்டு குடும்பம். ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னேன். கதவு மூன்றுக்கு மூடும், ஐந்து மணியை மறந்துவிடுங்கள், பதினொன்றுக்கு அங்கே இருங்கள்.

புதுச்சத்திரம் பொன்னாயி அம்மாள் விடவில்லை. "ஏனுங்க சாமி, புளிச்சோறு கட்டியாந்தா உள்ள உடுவாங்களா?" விடமாட்டார்கள் என்றேன். "அப்பறம் மூணு நாளைக்கு என்னத்தத் திங்கறது?" உள்ளே எல்லாம் கிடைக்கும் என்றேன். "கெடைக்கும் கெடைக்கும். நம்ம வாய்க்கு வேணுமில்ல." பக்கத்தில் அவர் வீட்டுக்காரர், "கப்பக்காரன் உன்னைய கூட்டிட்டுப் போறதே பெருசு, புளிச்சோறு வேற" என்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல மனிதர்கள்.

பதின்மூன்றாவது எண் மல்லசமுத்திரம்.

தேநீர் குடிக்கப் போனேன். வந்தேன். அட்டவணையில் அந்தப் பெயருக்கு நேராகவும் 'பேசியாயிற்று' என்று டிக் போட்டேன்.

ஜூலை 9, புதன்

இன்றும் நேரம் இருந்தது. ஒரு நிமிடப் பேச்சு.

எழுதும்போதும் இருக்கிறது. மணி எட்டுதான்.

ஜூலை 10, வியாழன்

பதினொன்றரைக்குக் கோழிப்பண்ணைக்காரர்கள் எல்லோரும் உள்ளே போனதாகச் செய்தி வந்தது. கழுத்தில் அட்டையோடு படம் அனுப்பினார்கள்.

ஒன்றரை. இரண்டு. இரண்டரைக்கு ஒருமுறை போனை எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். என்ன நினைத்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வந்துவிடுவார்கள் என்று நினைத்தேனா, வரக்கூடாது என்று நினைத்தேனா?

மூன்று பத்துக்கு ஆபீஸ் போன் அடித்தது. ஈஸ்வர் எடுத்தான். எதிரே இருந்த எனக்கே மச்சானின் குரல் கேட்டது. "கேட்ட சாத்திட்டாங்க தம்பி. அஞ்சு மணிக்குத்தானே கப்பலு? கப்பல் இங்கதான் நிக்குது, கண்ணுக்கு முன்னால நிக்குது. ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி."

ஈஸ்வர் யார் யாருக்கோ பேசினான். நாலரை வரை பேசினான். கதவு திறக்கவில்லை.

விடியற்காலை எமகண்டத்துக்கு முன்னால் கிளம்பி, பன்னிரண்டுக்கே துறைமுகத்துக்கு வந்துவிட்டார்களாம். சாலையோரம் காரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறார்கள். ராகு காலம் முடிந்து, மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு இறங்கி நடந்திருக்கிறார்கள். உள்ளே வரும் நேரம் ஒன்றரை என்று போட்டிருந்ததை கல்யாண ரிசப்ஷன் ஆறு முதல் ஒன்பது வரை என்பது போல எடுத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். 

கணக்கு சரியாக வந்துவிட்டது. சந்தோஷம் எங்கே?

ஜூலை 11, வெள்ளி

மனைவி சரிதாவிடம் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். திரும்பவில்லை. "இருவத்தி நாலு வருசம் வெச்சிருந்தது இதுக்குத்தானுங்களா?"

அவ்வளவுதான். படுக்கப் போய்விட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று ஆபீஸுக்கு வந்தார்கள். ஏற முடியாமல் போனதற்குக் கம்பெனிக்கு ஒரு கடிதம் வேண்டும், கோகுல்ராஜ் கேட்டானாம்.

அக்கா பாதியாகிவிட்டாள். முடி ஆண்பிள்ளைக்கு வெட்டியது போல, முழுக்க வெள்ளை. மச்சான் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் பைலைப் பார்த்தேன்.

ஈஸ்வர் என்னைக் கேட்கவில்லை, அக்காவைக் கேட்டான். "ஏனுங்கம்மா, எங்க சார் மூணு மணிக்குச் சாத்துவாங்கன்னு போன்ல சொன்னாருங்களா? இங்க டிக் போட்டிருக்குதுங்க. சொல்லலீன்னா எங்க மேல தப்பு. நானே கம்பெனிகிட்ட எழுதித் தரேன்."

அட்டவணையை அவள் பக்கம் திருப்பிவைத்தான். அவள் அந்த டிக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இந்த வேலையும் போனால் ஐம்பத்து மூன்று வயதில் எங்கே போய் நிற்பேன்?

"சொன்னாப்லீங்க" என்றாள் அக்கா. "எங்கிட்டதான் சொன்னாப்ல. நாந்தான் இவருகிட்ட சொல்ல மறந்துட்டேன். மாத்தர சாப்பிடறதுல ஒண்ணும் ஞாபகம் நிக்கறதில்லீங்க."

மச்சான் அவளைத் திரும்பிப் பார்த்தார். "எங்கிட்டச் சொல்லியிருந்தாலும் நான் ராகு காலத்துல எறங்கியிருக்க மாட்டேன் புள்ள. உடு."

அவர் காரை எடுக்கப் போனபோது அவள் என் மேஜையருகே நின்றாள். இருபத்து நாலு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"தாள்ல உம்பேரு போட்டிருந்துச்சு. கந்தவேல் போன் பண்ணுவாருன்னு. மூணு நாளு போனப் பக்கத்துலயே வெச்சிருந்தேன் சாமி. குளிக்கப் போறப்பவும் அவருகிட்டக் குடுத்துட்டுத்தான் போனேன். எந்தம்பி கூப்புடுவான், எடுங்கன்னு."

கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 16, புதன்

லீவு. ஜுரம் என்று சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

மல்லசமுத்திரம் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பஸ்ஸில் வாக்கியமே தயார் செய்து வைத்திருந்தேன்: "மச்சான், நான் வேணும்னேதான் கூப்பிடலை, அந்த நேரத்தையும் நாந்தான் எடுத்தேன்."

"வாங்க மாப்ள, வாங்க" என்று கேட் வரை வந்தார். என் பையை வாங்கிக்கொண்டார். வீடு இடித்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே தினசரி காலண்டரில் பத்தாம் தேதியே இருந்தது, அதற்குப் பிறகு யாரும் கிழிக்கவில்லை.

அவரே பேசினார். நான் உட்கார்ந்திருந்தேன்.

"நாந்தான் மாப்ள கெடுத்தேன். எட்டாங்கிளாஸ் புத்தி. அவ அந்தக் கேட்டப் புடிச்சிட்டு நின்னா பாருங்க. போலீஸ்காரனே பாவப்பட்டு சேர் கொண்டாந்து போட்டான். கப்பல் நவுர்ற வரைக்கும் பாத்துட்டுத்தான் வருவேன்னுட்டா. அஞ்சு மணிக்கு அது நவுந்துச்சு. 'நல்லாருக்குதுங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. உங்க கல்யாணத்துலயும் இதையேதான் பண்ணேன். அன்னைக்கு உங்க மேல கோவம், ராகு காலத்தச் சாக்கு வெச்சேன். அதுக்கும் சேத்து இப்ப அனுபவிக்கறேன்."

இருபத்து நாலு வருடமாக நான் கேட்க விரும்பிய வார்த்தை. அவரே தந்தார், கேட்காமலே. அவர் கண் கலங்கியிருந்தது. டாக்டர் அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறாராம். இனி எப்போது கப்பல்?

சமையல்கட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையில் காபி. அங்கேயே நின்றாள், கொண்டுவரவில்லை. எனக்காக நேரம் கொடுத்தாள். அது எனக்குத் தெரிந்தது.

நான் சொன்னது: "பரவால்லீங்க மச்சான். நடந்தது நடந்துபோச்சு."

பெருந்தன்மையாகச் சொன்னேன். மன்னிக்கிறவன் மாதிரி. த்தூ.

காபி குடித்தேன். கிளம்பும்போது அக்கா மட்டும் கேட் வரை வந்தாள். "ஆபீசுல உன்னையக் காப்பாத்துனது உஞ்சோத்துக்காக. ஆனா இந்த மனுசன் பத்து நாளா சரியா சோறு திங்கல. அவரு மூஞ்சியப் பாத்துட்டுமா கந்தா உனக்குச் சொல்ல வரல?"

செருப்பை மாட்டினேன்.

"போய்ட்டு வா"கூடச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 21, திங்கள்

ஈஸ்வரிடம் சொல்லிவிட்டேன், டிக் பொய் என்று. ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தான். "என்னங்க சார் நீங்க" என்றான். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னான். நியாயம்தான். கம்பெனிக்கு ஆபீஸ் தவறு என்று எழுதிப்போட்டான், என் பெயரை எழுதாமல்.

ஜூலை 23, புதன்

சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா நம்பருக்குப் போட்டேன். மச்சான் எடுத்தார்.

முழுவதும் சொன்னேன். இரண்டு நேரத்தில் எதை அழுத்தினேன் என்பது, ஏன் என்பது, டிக், கடிகாரம், எல்லாம். இருக்கிறாரா என்று இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன். மூச்சு கேட்டது.

முடித்ததும், "அவளுக்குத் தெரியுங்களா?" என்றார்.

தெரியும் என்றேன்.

"ஓ" என்றார். பிறகு, "இருங்க, அவள வரச் சொல்றேன்."

போனை எங்கோ வைத்தார். அவர் கூப்பிடுவது கேட்டது. "உந்தம்பி லைன்ல இருக்கறாப்ல." அக்காவின் குரல் என்னவோ சொன்னது, வார்த்தை புரியவில்லை. குழாயில் தண்ணீர் விழுந்தது. நின்றது. ஒரு பாத்திரம். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அப்புறம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தது போல. "இன்னொரு தோச போடட்டுங்களா?" என்று அவள் கேட்டாள். "போடு" என்றார் அவர்.

யாரும் வந்து எடுக்கவில்லை. யாரும் துண்டிக்கவும் இல்லை.

இருபத்தேழு நிமிடம் காதில் வைத்திருந்தேன். பிறகு அந்தப் பக்கம் சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும்.