மருத்துவர் வரும் நாளில் மட்டும் குறைந்த மூச்சு

அனுப்புநர்
ரய்யா பின்த் ஸைஃப்,
அறிவியல் ஆசிரியை (ஓய்வு),
முஸைரா கிராமம், ஹஜர் மலையடிவாரம், ஓமன்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
குழந்தைகள் மூச்சுநோய் ஆய்வுப் பிரிவு, மஸ்கட்.

பொருள்: முஸைரா குழந்தைகளின் ஆஸ்துமா ஆய்வை மூடும் ஆணையைத் திரும்பப் பெறக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆணை, நாள் 27.10.2019.

மதிப்பிற்குரிய ஐயா,

"டீச்சர், டாக்டரம்மா வர்ற அன்னிக்கு மட்டும் ஏன் எனக்கு மூச்சு முட்டுது?" தங்கள் ஆணை எங்களுக்குக் கிடைத்த மறுநாள் ஏழு வயது ஸுவைனா என்னிடம் கேட்ட கேள்வி இது. முப்பத்தோராண்டு அறிவியல் கற்பித்தவள் நான். அதற்கு விடை தேடிப் புறப்பட்டேன். கண்டதைக் கீழே எழுதுகிறேன்.

1. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருபத்து நான்கு பேரிடம் எட்டு மாதமாக இந்த ஆய்வு நடக்கிறது. மருத்துவர் இல்ஹாம் இரு வாரங்களுக்கு ஒருமுறை செவ்வாயன்று வீடு வீடாக வந்து, பிள்ளைகளைக் குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளப்பார். அளவுகளைக் குறித்துவைப்பது என் வேலை.

2. எட்டு மாதத்திலும் அளவுகள் உயரவில்லை. ஆகவே பெற்றோர் மருந்தை ஒழுங்காகக் கொடுப்பதில்லை என்று குறிப்பெழுதி, இம்மாத இறுதியில் ஆய்வு மூடப்படும் என்று ஆணையிட்டுள்ளீர்கள். ஆய்வு நின்றால் பிள்ளைகளுக்கு இன்ஹேலர் வருவதும் நின்றுவிடும்.

3. ஸுவைனாவின் கேள்வி மனத்தை அரித்ததால், இம்மாதம் 2ஆம் தேதி, சனிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல், என்னிடமுள்ள குழாயோடு அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். முந்தைய செவ்வாய்களில் 140ஐத் தாண்டாத ஸுவைனா அன்று 210 ஊதினாள். குழாய் பழுதோ என்று மூன்று முறை ஊதச் சொன்னேன். "போதும் டீச்சர், கன்னம் வலிக்குது" என்றாள்.

4. காரணம் அவர்கள் வீட்டு வாசலிலேயே, கரியின்றி ஆறிக்கிடந்த தூபக்காலில் இருந்தது. மருத்துவர் திங்களன்று தொலைபேசியில் வருகையைச் சொல்வார். செவ்வாய் விடிந்ததும் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் தூபக்காலில் கரி கனன்றுவிடும். விருந்தினர் வருமுன் அறை மணக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வந்தபின் புகையும் தூபக்கால் ஒவ்வொருவர் கைக்கும் சுற்றிவர வேண்டும். கதவடைத்த அறையில், அந்தப் புகை நடுவில்தான் பிள்ளைகள் ஊதினார்கள். வீட்டில் புகை உண்டா என்ற தங்கள் படிவக் கேள்விக்கு எல்லோரும் இல்லையென்றே எழுதியிருந்தனர். பொய்யல்ல ஐயா, தூபத்தை நாங்கள் புகைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்வி அதிகாரி சோதனைக்கு வரும் நாளில் மட்டும் பள்ளியைப் பார்ப்பவர், அங்கே பிள்ளைகள் என்றுமே சிரிப்பதில்லை என்று எழுதுவார் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

5. தூபத்தை நிறுத்தச் சொன்னபோது ஸுவைனாவின் தாய் ஷரீஃபா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "மஸ்கட்லேர்ந்து வர்றவங்களுக்குத் தூபங்கூடப் போடலேன்னா, கஞ்சப் பிசினாறின்னு ஊரே சிரிக்காதா? நீங்க வேணா வெறும் வீட்ல விருந்தாளிய உக்கார வைங்க டீச்சர்!" பிறகு மகளின் 210ஐக் காட்டினேன். காகிதத்தை வாங்கிப் பார்த்தவர், தூபக்காலைத் தாமே மாடியில் கொண்டுபோய் வைத்தார்.

6. 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, எல்லா வீடுகளிலும் மருத்துவருக்குக் காப்பியும் பேரீச்சையும் மட்டுமே கிடைத்தன. ஷரீஃபா மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அன்று பத்தொன்பது பிள்ளைகளின் அளவு உயர்ந்தது. மருத்துவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்: "எட்டு மாசமா இந்தப் பிள்ளைங்க மூச்சை நானேதான் அடைச்சிருக்கேனா, டீச்சர்!" ஸுவைனா மருத்துவரின் வண்டியோடு தெருமுனை வரை ஓடிச்சென்று, இழுப்பின்றித் திரும்பினாள். எதிர்வீட்டார் கைதட்டினர். மாதக்கணக்கில் பழி சுமந்த தாய்மார்கள் அன்று தலை நிமிர்ந்து நின்றதை நான் கண்ணால் கண்டேன்.

7. ஆக, மருந்து வேலை செய்கிறது. தாய்மார்கள் அதை ஒழுங்காகக் கொடுத்தே வந்திருக்கிறார்கள். அளவு உயராத ஐந்து பேருக்குக் காரணம் வேறு. ஆட்டுமுடியோ பேரீச்சம்பூத் தூளோ, எனக்குத் தெரியாது. அதைக் கண்டறியவே ஆய்வு தேவைப்படுகிறது.

எனவே, மூடும் ஆணையை நீக்கி, பெற்றோர் மீதான குறிப்பை அழித்து, ஆய்வை மேலும் ஓராண்டு நீட்டித்து உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். இருபத்து நான்கு பேரின் அளவுகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. ஐயமிருப்பின் தாங்களே நேரில் வந்து பிள்ளைகளை ஊதச் சொல்லிப் பார்க்கலாம். ஒன்று மட்டும்: வருவதை எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

இடம்: முஸைரா
நாள்: 14.11.2019

இருபத்து நான்கு வீட்டார் சார்பில்,
ரய்யா பின்த் ஸைஃப்