ஆறு மணி நேரம் மங்கிய மண்டலம்

8 ஜூலை, செவ்வாய்
காட்டுத்தீப் புகைமூட்டம். தொண்டை கரகரப்பு. ஆய்வறையில் ஏர்கோன் மறுபடியும் பழுது.
செய்ய: நூலகப் படிவம். வாப்பாவுக்கு மூட்டுவலித் தைலம். கட்டுரைக்குப் படங்கள்.

ஆய்விதழுக்கு எழுதும் கட்டுரை முழுக்க ஒரே விண்மீன் மண்டலம்தான். நடுவிலுள்ள கருந்துளையில் விழும் வாயு சூடேறி எக்ஸ்கதிர் வீசுகிறது. விண்வெளித் தொலைநோக்கி ஒரு நாள் முழுக்கப் பார்த்த தரவு. அதில் ஆறு மணி நேரம் மங்கல்.

என் ஆய்வு வழிகாட்டி டாக்டர் ஜெரால்ட் (இனி டா.ஜெ.) ஒரு பார்வைதான் பார்த்தார்.
"டிடெக்டர் கோளாறு, நஜிமா. பிம்பம் டிடெக்டரோட ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். அந்த ஆறு மணி நேரத்த வெட்டிடு லா."
"வெட்டினா என்ன மிஞ்சும் சார்?"
"டிகிரி மிஞ்சும்."
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

9 ஜூலை, புதன்
பிம்பம் ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் மென்கதிர் (ஆற்றல் குறைந்த எக்ஸ்கதிர்), வன்கதிர் (ஆற்றல் மிகுந்தது) இரண்டும் சேர்ந்து குறைய வேண்டும். குறைந்தது மென்கதிர் மட்டும். வன்கதிர் அசையவே இல்லை. கருந்துளைக்கும் நமக்கும் நடுவே ஏதோ ஒரு வாயு மேகம் குறுக்கே போயிருக்கிறது. மென்கதிரை அது விழுங்கும். வன்கதிர் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

டா.ஜெ.யிடம் சொன்னேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.
"நானும் ஒரு தடவ இப்படித்தான் அவசரப்பட்டேன். பேப்பர வாபஸ் வாங்க வேண்டியதாப் போச்சு. எத்தன பேர் சிரிச்சாங்க தெரியுமா?"
"அது உங்க பயம் சார். என் தரவுல கோளாறு இல்ல."
சொல்லிவிட்டேன்! பிறகு கழிவறையில் போய் நின்றேன். பத்து நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

10 ஜூலை, வியாழன்
மதியம் ஊரிலிருந்து, மெர்சிங்கிலிருந்து, வாப்பா ஃபோன். பின்னால் டீக்கடைச் சத்தம், "தே தாரிக் ரெண்டு!" டா.ஜெ. சொன்னதைச் சொன்னேன்.
"சார் சொல்றதக் கேட்டுட்டுப் போயேன்மா. படிச்சவங்க."
"வாப்பா, மீனு நல்ல மீனான்னு எப்படிப் பாப்பீங்க?"
"செவுளப் பாத்து."
"விக்கிறவரு படிச்சவரா இருந்தா?"
"எவனா இருந்தாலும் செவுளப் பாக்காம வாங்க மாட்டேன்."
"நானும் பாத்துட்டேன் வாப்பா."
அப்புறம், "சாப்பிட்டியா?"
பொய் சொன்னேன். பிஸ்கட் மட்டும்.

11 ஜூலை, வெள்ளி
தைலம் மறந்தாச்சு.
காலை முழுக்கத் தரவுக் களஞ்சியத்தில் தேடல். அதே நாள், அதே மண்டலத்தை இன்னொரு விண்வெளித் தொலைநோக்கியும் பார்த்திருக்கிறது! மங்கலின் கடைசி நாற்பது நிமிடம் மட்டும். போதும்.
மென்கதிர் கம்மி.
வன்கதிர் வழக்கம்போல்.
பக்கத்து மேசை மெய் லிங்கிடம் எதையும் சொல்லாமல் தரவை மட்டும் கொடுத்தேன். கணக்குப் போட்டுவிட்டு வியந்து எட்டிப் பார்த்தாள்: "அலமாக்! ஏதோ மறைக்குது!"
இரண்டு தரவையும் ஒரே படமாக்கி டா.ஜெ.க்கு அனுப்பினேன். பதில் ஒரே வரி: திங்கட்கிழமைக் கருத்தரங்கில் இந்தப் படம் வேண்டாம்.

14 ஜூலை, திங்கள்
கருத்தரங்கில் படத்தைப் போட்டேன்.
முன்வரிசையிலிருந்து டா.ஜெ.: "ரெண்டாவது தொலைநோக்கில நாப்பது நிமிஷத் தரவுதான் இருக்கு."
"அந்த நாப்பது நிமிஷமும் ரெண்டு தொலைநோக்கியும் சேர்ந்து ஒரே பொய்யச் சொல்லுமா சார்?"
யாரோ இருமினார்கள். டா.ஜெ. குறிப்பேட்டை மூடினார்.
வெளியே, படிக்கட்டருகே காத்திருந்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.
"நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா கட்டுரைல என் பேரப் போடாத. இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது."
"உங்க பேர் இல்லாட்டியும் கட்டுரை போகும் சார்."
"தெரியும்," என்றார். மெதுவாக இறங்கிப் போனார்.

15 ஜூலை, செவ்வாய்
மழை. புகை போய்விட்டது.
வெட்டச் சொன்ன ஆறு மணி நேரமும் கட்டுரையில் முதல் படமாக. ஆசிரியர் வரிசையில் என் பெயர் மட்டும். மொட்டையாகத் தெரிகிறது. தெரியட்டும்.
நன்றியுரையில் டாக்டர் ஜெரால்டுக்கு ஒரு வரி: எக்ஸ்கதிரைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். அதை அவரே எடுக்கச் சொன்னாலும் எடுக்க மாட்டேன்.
11.40க்கு ஆய்விதழுக்கு அனுப்பியாச்சு.